படுத்துக்கொடுத்த பாதை

நம்புகிறவர்கள் இந்தப் பெஞ்சில் வந்து உட்காருங்கள், நம்பாதவர்கள் அந்த வேப்பமரத்தடியில் நின்று கேளுங்கள், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே டீதான், ஒரே கதைதான். பொதிகை மலையடிவாரத்தில், ஆறு மலையைவிட்டு இறங்கி முதல் தடவையாக மூச்சுவிடுகிற இடத்தில் இருக்கிற எங்கள் அத்திப்பாறையில், காலங்காலமாகச் செங்குத்தாக நின்றுகொண்டிருந்த கசத்துப் பாதை, ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், ஈனப்போகிற எருமை காலை மடக்குகிற மாதிரி பைய மடங்கி, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. ஏன் படுத்தது என்று கேட்டால், பலகையில் அப்படி எழுதியிருந்தது, அதனால் படுத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பாதை நின்றாலும் படுத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, நான் அதன் அடியில் டீக்கடை போட்டிருக்கிற ஆவுடையம்மாள், நின்றால் மூச்சிளைத்து வருகிறவனுக்கு டீ, படுத்தால் சிரித்து வருகிறவனுக்கு டீ. ஆனால் முப்பிடாதிக்கு அப்படி இல்லை. முப்பிடாதிக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போனது, கையால் சுற்றி ஓட்டுகிற மூணு சக்கர சைக்கிள்தான் அவளுக்குக் கால், நாற்பது வயதாகிறது, வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள், வாய் மட்டும் நல்ல அரிவாள். கோயில் திருவிழாவான சித்திரைக் கொடை வந்தால் ஊர் முழுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு மலையேறிப்போகும், கழற்றிப்போட்ட அத்தனை செருப்புக்கும் காவலாக அவள் அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த மலைக்கு மேலே கசம் இருக்கிறது, ஆற்றில் ஆழம் தெரியாமல் தண்ணீர் நிற்கிற இடத்தை நாங்கள் கசம் என்போம், அங்கே இருக்கிறவள் கசத்தம்மை. கொடை அன்றைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் குடம் எடுத்துக்கொண்டு மேலே போய், தன் கையால் தண்ணீர் மொண்டுவந்து அடிவாரத்துக் கோயில் முற்றத்தில் வரிசையாக வைக்கவேண்டும், எந்த வீட்டிலிருந்து ஆள் போகவில்லையோ அந்த வீட்டுக் குடத்தைக் கவிழ்த்துவிடுவார்கள், கவிழ்த்த குடத்தைப் பிறகு யாரும் நிமிர்த்த முடியாது, அந்த வீட்டுப் பேரைச் சொல்லிக் கொட்டு அடிக்க மாட்டார்கள், அம்மைக்கு அப்படி ஒரு வீடு இருப்பதே மறந்துபோகும்.

முப்பிடாதி வீட்டுக்காக அவள் தம்பி மலையேறிக்கொண்டிருந்தான். கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போனவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டி வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டான், மாசியில் போன் போட்டு, "எக்கா, இனிமே நான் கொடைக்கு வரமாட்டேன், குடத்தை அவுங்க என்னமும் பண்ணிக்கிடட்டும்" என்று வைத்துவிட்டான். கொடைப் பெரியவர் வெள்ளக்கண்ணு அண்ணாச்சி இதைக் கேள்விப்பட்டு, அவள் வாசலுக்கே வந்து நின்று, மெய்யான வருத்தத்தோடுதான், "என்ன செய்ய தாயி, வீட்டுல ஆளில்லாமப் போச்சே" என்றார். அவர் போன பிறகு முப்பிடாதி என்னைப் பார்த்தாள். "மயினி, நான் குத்துக்கல்லு மாதிரி இங்கனதான இருக்கேன்? எம்மூஞ்சிக்கு நேர நின்னு ஆளில்லங்காரு. அப்ப நான் யாரு, ஆட்டுக்குட்டியா?" என்றவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பீடி இலை வெட்ட ஆரம்பித்தாள்.

இது இப்படி இருக்கையில்தான் பலகை வந்தது. ஆறும் மலையும் பார்க்க ஜனங்கள் வந்து நடக்கிற மாதிரி எங்கள் ஊரில் நடைபாதை குறிக்கவேண்டும் என்று தொப்பியும் பூட்சுமாகச் சில ஆபீசர்கள் வந்து, ஆற்றங்கரை மருத மரங்களுக்கடியில் சமதளமாகப் போகிற பாதை ஒன்று, கசத்துக்கு ஏறுகிற பாதை ஒன்று என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து, பலகைகள் வரும், ஊன்றிவிடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். லாரியில் பலகைகள் வந்தன. எங்கள் ஊரில் எது வந்தாலும் முதலாவது அம்மைக்கு, முதல் மாங்காய் அம்மைக்கு, முதல் சீம்பால் அம்மைக்கு, ஊருக்கு முதன்முதலாக பஸ் வந்தபோது முதல் டிக்கெட்டைக் கிழித்து அம்மை காலடியில்தான் வைத்தோம், அதனால் லாரியிலிருந்து முதலில் இறங்கிய பலகையை, பச்சையாக, பளபளவென்று வேறு இருந்ததா, யாரும் என்ன ஏது என்று பார்க்காமல் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கசத்துப் பாதை அடிவாரத்துக்குப் போனார்கள். கொத்தனார் தளவாய் குழி தோண்டினான், மஞ்சள் தடவினோம், தேங்காய் உடைத்தோம், சூடம் காட்டினோம், பொம்பளைகள் குலவை போட்டோம், எல்லாம் முடிந்த பிறகு நான்தான் சும்மா இருக்காமல் அதைச் சத்தமாக வாசித்தேன். "எல்லா வயதினரும், எல்லா உடல்நிலையினரும் எளிதாக நடக்கக்கூடிய பாதை."

ஆளாளுக்கு மலையைப் பார்த்தார்கள். அது வானத்துக்கு ஏணி சாத்தினதுபோல நின்றுகொண்டிருந்தது.

"பிடுங்கி அங்கிட்டு ஆத்தங்கரையில ஊனிருவோமா அண்ணாச்சி?" என்று தளவாய் கேட்டான்.

"தேங்கா ஒடச்சி ஊனினதப் பிடுங்கவா? ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கால?" என்று வெள்ளக்கண்ணு அண்ணாச்சி அவன்மேல் எரிந்து விழுந்தார். "அம்ம முன்னால ஊனியாச்சு. கெடக்கட்டும்."

அம்மை முன்னால் சத்தியமாக ஊன்றின சொல் பொய்யாகிக் கிடக்கிறதே என்று மனுஷர்கள் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம், பாதைக்குத்தான் மானம் போயிருக்கவேண்டும்.

மறுநாள் அதைக் கண்டுபிடித்தது ரேஷன் கடையில் எடை போடுகிற பரமார்த்தலிங்கம். அந்த மனுஷருக்கு உடம்பு பெருத்து, மூச்சிளைப்பு வேறு, காலையில் பாதையின் முதல் வளைவுவரை போய்விட்டுத் திரும்புவதே அவருக்குப் பெரிய காரியம். அன்றைக்கு மருமகனோடு போனில் பேசிக்கொண்டே நடந்தவர், பேச்சு சுவாரசியத்தில் பார்க்காமலேயே நடந்து, என்னடா தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதே என்று நிமிர்ந்தால், எதிரே கசம், மேலே அருவி, ஒரு இருவாச்சிப் பறவை கிளையிலிருந்து அவரை உற்றுப் பார்க்கிறது. மனுஷர் உடனே, "மாப்ளே, நான் செத்துப்போயிட்டேன்னு நெனைக்கேன், வச்சிருதேன்" என்று போனை வைத்துவிட்டாராம். பிறகு பசித்ததாம், செத்தவனுக்குப் பசிக்குமா என்று யோசித்து, இறங்கி வந்து, என் கடையில் ஆமவடையைத் தின்றுகொண்டே இதைச் சொன்னார்.

ஊர் என்ன செய்தது? கூடி நின்று பார்த்தது, பிறகு பழகிவிட்டது. முதலில் காலேஜ் படிக்கிற தடியன்கள் ஓடினார்கள், அவர்களுக்குப் பாதை பழையபடியே செங்குத்தாக நின்று முட்டியைப் பெயர்த்தது. பரமார்த்தலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கும் சேர்த்துப் படுத்தது. அப்படித்தான் அதன் குணம் பிடிபட்டது, தன்மேல் நிற்கிறவர்களில் ரொம்ப ஏலாதவர் யாரோ அவர் காலை அளந்து அதற்குத் தக்கன படுக்கிறது என்று. தளவாய் நொண்டுகிற மாதிரி நடித்துப் பார்த்தான், பாதையா ஏமாறும், உச்சிவரை நொண்டிக்கொண்டே செங்குத்தில் ஏறிவந்தான், கேலி தாங்காமல் ஒரு வாரம் என் கடைப்பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஏலாதவர்களுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. முட்டிவலிக்காரர்கள், இளைப்புக்காரர்கள், நிறைமாசக்காரிகள், ஆபரேஷன் செய்து உட்கார்ந்திருந்தவர்கள், "நீ இங்கனயே இரு" என்று இத்தனை காலமும் பையையும் குடையையும் கொடுத்து விட்டுவிட்டுப் போனார்களே, அவர்கள் இல்லாமல் இப்போது யாரும் ஒரு அடி நகர முடியவில்லை. மாமியாரை எட்டிப் பார்க்காத மருமகள்கள் "அத்த, வாங்க, கசத்துக்குப் போவோம்" என்று தலைவாரிப் பூவைத்துக் கூட்டிப்போனார்கள், வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்கள் என் கடையில், "அக்கா, நடக்க முடியாதவங்க யாராவது இருப்பாங்களா?" என்று பணிவாகக் கேட்டார்கள். இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஏறி இறங்குகிற எங்கள் ஆட்கள் அப்போதுதான் ஆற்றைப் பார்த்தார்கள். அதுவரை ஏறும்போதெல்லாம் அவர்கள் கண்டது முன்னால் போகிறவனின் குதிகாலை மட்டும்தான், இளைக்கிறவனுக்கு ஆறு ஏது, இப்போது ஏலாதவர்களின் நடைக்குத் தக்கன பைய நடந்தபோது, நீர்நாய்கள் குட்டியோடு பாறையில் வெயில் காய்வதும், மேல்வளைவில் பச்சையாக இருக்கிற தண்ணீர் கீழ்வளைவில் கருப்பட்டிப் பாகு நிறமாவதும், நீர்மருதங்காய் உதிர்ந்து சுழலில் சுற்றிச்சுற்றிப் போவதும் தெரிந்தது, "இது எப்ப வந்துச்சு?" என்று ஒருத்தர் கேட்க, "எப்பவும் இருந்துச்சுவே, நீருதான் இப்ப வந்திருக்கேரு" என்று பரமார்த்தலிங்கம் சொன்னார்.

எல்லாரும் போனார்கள், முப்பிடாதி மட்டும் போகவில்லை. அவள் வந்தால் பாதை எப்படிப் படுக்கும் என்று பார்க்க ஊரே ஆசைப்பட்டது, தடியன்கள் அவள் வாசலில் வந்து கெஞ்சினார்கள், அவள் பீடித்தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "வேடிக்க பாக்க நான் வரமாட்டேன். வந்தா எங்க வீட்டுக் குடத்தோடதான் வருவேன். அதுக்கு ஒங்க அண்ணாச்சிய ஒத்துக்கிடச் சொல்லுங்க."

சித்திரை பிறந்ததும் கொடைக்குப் பந்தல்கால் நாட்டுவது பற்றிப் பேச ஊர் கோயில் முற்றத்தில் கூடியது. முப்பிடாதி சைக்கிளைச் சுற்றிக்கொண்டு வந்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினாள். கேட்க வந்ததைக் கேட்டாள். வெள்ளக்கண்ணு அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், வழமை என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் வளைந்து கொடுக்காத மனுஷர், அதுதான் அவர் கோளாறு.

"தாயி, ஏத்தம்னா நோவு," என்றார். "நெஞ்சு அடைக்க, கால் மரத்துப்போவ ஏறிக் கொண்டாந்தாத்தான் அது அம்மைக்குத் தண்ணி. பாத வந்து ஒங்காலடியில விழுந்தா அது எப்படி ஏத்தமாவும்?"

"மாமா, எங்க வீட்டு அடுப்பங்கரையிலருந்து வாசப்படிக்கு வாரதே எனக்கு ஏத்தம்தான்," என்றாள் முப்பிடாதி. "நீங்க வருசத்துக்கு ஒருக்க ஏறுதீய, கொட்டடிக்காவ. நான் தெனமும் ஏறுதேன். எனக்கு எவன் கொட்டடிச்சான்?"

என் பக்கத்தில் இருந்த தளவாய் மூக்கை உறிஞ்சினான். அண்ணாச்சி ரொம்ப நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். கடைசியில், "சரி, வா. ஆனா வழம வழமதான். பொறத்தியார் கை ஒம்மேலயும் படக்கூடாது, வண்டி மேலயும் படக்கூடாது, குடத்து மேலயும் படக்கூடாது. கசத்துல ஒங்கையால மொண்டுட்டா ஒங்குடம் நிமுந்திருக்கும், இல்லன்னா அங்கனயே கவுத்திருவோம். சம்மதமா?" என்றார். "சம்மதம்" என்று அவள் சொன்னாள். நாங்களும் அசட்டுத்தனமாகக் கைதட்டினோம்.

கொடை அன்றைக்குக் காலையில் கொட்டும் நாகசுரமும் முன்னால் போக, குடக்காரர்கள் பின்னால் போக, முப்பிடாதி மஞ்சள் சேலை கட்டி, பித்தளைக் குடத்தை மடியில் வைத்து, சைக்கிளின் முன்சக்கரத்தைப் பாதைமேல் ஏற்றினாள். அது படுத்ததே ஒரு படுக்கை! அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் சும்மா சாய்ந்ததுதான், அன்றைக்குத்தான் மெய்யாகப் படுத்தது, கற்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கி, வேர்கள் உள்ளே இழுத்துக்கொண்டு, வளைவுகள் நிமிர்ந்து, நெல் உதறப் பெருக்கிவிட்ட களம் மாதிரி கசம்வரைக்கும் பரந்து கிடந்தது. ஊரே அதன்மேல் நடந்தது, நாகசுரக்காரருக்கு மூச்சு வாங்கவில்லை, கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைக்கு நீர்நாய் காட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் ஒருத்திக்குத்தான் வேர்த்து ஊற்றியது. படுத்த பாதை என்றாலும் கையால் சுற்றி அவ்வளவு தூரம் போவது லேசா, தோள் இரண்டும் துடிக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினாள், நின்றாள், உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் சுற்றினாள், அவள் நிற்கும்போதெல்லாம் கொட்டும் நின்றது, ஊரும் நின்றது, ஒருத்தரும் அவளைத் தொடவில்லை, தொட முடியாமல் எத்தனை பேர் கை பரபரத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

கசம் வந்தது. பாதை முடிந்தது.

அங்கேதான் எங்கள் அசட்டுத்தனம் எங்களுக்கு உறைத்தது. பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சரிவுப் பாறை இருக்கிறது, ஈரமும் பாசியுமாக, காலுள்ளவர்கள் மூன்றே எட்டில் இறங்கிவிடுவோம் என்பதால் அது இருப்பதே எங்களுக்கு நினைவில்லை. பலகை பாதைக்குத்தானே வாக்குக் கொடுத்தது, பாறைக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள், பாறை பாறையாகவே நின்றது. முப்பிடாதி சைக்கிளில் உட்கார்ந்தபடியே தண்ணீரைப் பார்த்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "தெரிஞ்சுதான அன்னைக்கு அப்படிச் சொன்னேரு?" என்று வெள்ளக்கண்ணு அண்ணாச்சியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"வழமைய நான் உண்டாக்கலியே ஆவுட," என்றார் அவர். அவர் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் முதலில் இறங்கி மொள்ளுகிறவர் அவர்தான், அன்றைக்கு அவரும் இறங்காமல் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தடியன்கள் இரண்டு பேர் அவளைத் தூக்க முன்னால் வந்தார்கள்.

"தொடாத," என்றாள் முப்பிடாதி. "ஒரு பய எம்பக்கத்துல வரக்கூடாது."

சேலையை முழங்காலுக்கு அடியில் இறுக்கிச் செருகினாள். குடத்தின் கழுத்தில் முந்தானையைச் சுற்றி இடுப்பில் முடிச்சுப் போட்டாள். சைக்கிளின் கம்பியைப் பிடித்து, உடம்பைத் தூக்கி, தரையில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து, உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். வீட்டுக்குள் அவள் அப்படித்தான் புழங்குவாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் முன்னால்கூட ஒரு நாளும் நகர்ந்தது கிடையாது, யாராவது வாசலில் நின்றால் அவர்கள் போகும்வரை இருந்த இடத்திலேயே இருப்பாள், அவ்வளவு வெட்கம் அவளுக்கு. அந்த நடையை அன்றைக்கு ஊர் முழுக்கப் பார்க்க நடந்தாள். பாறையில் குடம் ணங் ணங் என்று இடித்தது, ஓரிடத்தில் பாசி வழுக்கி ஒரு முழம் சறுக்கினாள், "அம்மா!" என்று அத்தனை பேரும் அலறினோம், அவள் இடது கையை ஒரு விரிசலில் கொடுத்து நின்றுகொண்டாள். அப்புறம் தண்ணீர். குடத்தை அவிழ்த்துச் சாய்த்தாள், மடமடவென்று அது குடித்தது, நிறைந்த குடத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பி எங்களைப் பார்த்தாள். நான் போட்ட குலவை அருவிச் சத்தத்தையே அமுக்கியிருக்கும், கொட்டுக்காரர் கேட்காமலேயே அவள் வீட்டுப் பேரைச் சொல்லி அடித்தார், எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தளவாய் வாயைத் திறந்தான். "அண்ணாச்சி, மொதக் கை இன்னைக்கு முப்பிடாதி கைல்லா?"

எல்லாருக்கும் சுரீரென்றது. எங்கள் கொடையில் முதல் ஆள் எப்படி மொள்ளுகிறாரோ அப்படியேதான் அந்த வருஷம் மற்றவர்களும் மொள்ள வேண்டும். ஒரு வருஷம் முதல் ஆளுக்கு வலது கையில் கட்டு, ஊரே இடது கையால் மொண்டது, இன்னொரு வருஷம் முதல் ஆள் வழுக்கிக் கசத்துக்குள் விழுந்துவிட, அத்தனை பேரும் வேட்டியோடு குதித்தார்கள். யாரும் அதை மீறினது கிடையாது. ஊர் முழுக்க வெள்ளக்கண்ணு அண்ணாச்சியைப் பார்த்தது. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, எழுபது வயது. அவர் பாறையைப் பார்த்தார், அம்மையைப் பார்த்தார், "வழமன்னா வழமதாம்ல" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, குடத்தை மடியில் வைத்து, முட்டி இரண்டும் நெட்டி முறிய, பாறையில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் தளவாய் உட்கார்ந்தான், பரமார்த்தலிங்கம் பெருமூச்சோடு உட்கார்ந்தார், தடியன்கள் உட்கார்ந்தார்கள், ஊரே வரிசையாகப் பாறையில் உட்கார்ந்தது. அண்ணாச்சிக்குக் கையை எங்கே ஊன்றுவது, இடுப்பை எப்போது தூக்குவது என்று ஒன்றும் பிடிபடவில்லை, பச்சைப் பிள்ளை மாதிரி முழித்தார்.

கீழே தண்ணீரோரத்தில், நிறைகுடத்தை அணைத்துக்கொண்டு முப்பிடாதி சொன்னாள்:

"மொதல்ல கைய ஊனுங்க மாமா. அவசரமில்ல, நான் இங்கனதான் இருக்கேன், பைய வாங்க."